வெறும் வயிற்றில்

அழைப்பு மணி அடிக்கவில்லை. பால் பாக்கெட்டை எடுக்கலாமென்று சின்னவள் வாசற்கதவைத் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மணியடிக்கக் கை தூக்கியவளைப் போலவும் இல்லை, அடித்துவிட்டுப் பொறுமையிழந்தவளைப் போலவும் இல்லை. பஸ் வரும்போது வரட்டும் என்று நிறுத்தத்தில் நிற்பவர்களைப் போல, மாடிப்படி விளக்கின் மங்கிய மஞ்சளில், தோளில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தாள்.

"ப்ளட் எடுக்க வந்திருக்கேம்மா," என்றாள். "அப்பாவுக்கு."

சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. அக்கா போனில் சொன்னதுதான். கடல் தாண்டி இருந்துகொண்டே அக்கா அப்பாவுக்கு மருந்து வரவழைப்பாள், செருப்பு வரவழைப்பாள். இப்போது ரத்தம் எடுக்கவும் ஆள் வரவழைத்திருந்தாள். "சர்க்கரை, கொழுப்பு, எல்லாம் வழக்கமா பாக்கறதுதாண்டி. வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீ கதவைத் திறந்துவிட்டாப் போதும்."

கதவைத் திறந்துவிட்டாள்.

அந்தப் பெண் தன்னைக் கடந்து உள்ளே போனபோது ஸ்பிரிட் வாசனை வருமென்று சின்னவள் எதிர்பார்த்தாள். வந்தது வேறு. கரண்ட்டைப் பிடுங்கிவிட்டுச் சாத்திய ஃப்ரிட்ஜை வெகுநாள் கழித்துத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, குளிர் செத்துப்போன ஒரு வாடை, அது. மூக்கைச் சுளிப்பதற்குள் அதுவும் கரைந்துவிட்டது.

அப்பா கூடத்தில், தன் மர நாற்காலியில் விழித்துத்தான் இருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் விடியற்காலைப் பஸ்ஸை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பின்னும் உடம்பு அந்த வண்டிக்கே எழுந்துகொண்டிருந்தது. அம்மா போனபிறகு, எழுந்து என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

"வெறும் வயிறா இருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வெறும் வயிறு, வெறும் வாய். வெறும் வாயை மெல்லுறதுதானேம்மா எனக்கு இப்ப உத்தியோகம்." அப்பா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். பயத்தில்தான் சிரிக்கிறார் என்பது சின்னவளுக்குத் தெரியும்.

"பேசிக்கிட்டே இருங்க. வலி தெரியாது," என்றபடி அந்தப் பெண் அவர் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். "கையை இறுக்கி மூடிக்குங்க. சொல்லுங்க."

கேட்கவா வேண்டும்? மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதையை அப்பா ஆரம்பித்தார். சின்னவள் அடுப்பில் பாலை வைக்கச் சமையலறைக்குப் போனாள். அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது வளைவுக்கு வண்டி வருவதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் பேச்சை மாற்றிவிடுவார்கள், அப்பாவும் அங்கேயே வண்டியை நிறுத்திவிடுவார். இன்று அப்பாவின் குரல் இரண்டாவது வளைவையும் தாண்டிப் போனது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், தாழ்ந்த, நிதானமான இன்னொரு குரல்.

"அப்புறம்?"

பாலைக் காய்ச்சி இறக்கி, காபி கலந்து குடித்துவிட்டு அவள் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் முழங்கை மடிப்பில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி. அந்தப் பெண் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுக்கியிருந்த குழாய்கள் எதிலும் பெயர் ஒட்டியிருக்கவில்லை. எல்லாமே கழுத்து வரை நிறைந்திருந்தன.

"எடுத்தாச்சா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லியே!" அப்பா சின்னக் குழந்தையைப் போலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வாசல் வரை போனவள், நின்று திரும்பினாள். "நீங்க சாப்பிட்டாச்சா?" என்றாள் சின்னவளிடம்.

"காபி குடிச்சிட்டேன். ஏன்?"

"அப்ப இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

கதவைச் சாத்திவிட்டுச் சின்னவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஏறினாலும் இறங்கினாலும் எலும்பு முறிகிற மாதிரி சத்தம் போடும். மூன்று மாடிக்கும் கேட்கும். சத்தம் வரவில்லை. படியில் காலடியும் இல்லை.

வெயில் ஏறி, அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மார்பில் அடையாள அட்டை ஆட, வியர்த்து விறுவிறுத்து ஒருவர் நின்றிருந்தார்.

"லேப்ல இருந்து வர்றேன் மேடம். லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. பெரியவருக்கு ப்ளட் எடுக்கணும்."

"அதான் காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டாங்களே!"

லேப்காரர் தன் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எங்க லேப்ல இந்தப் பக்கத்துக்கு நான் ஒரு ஆள்தான் மேடம். வந்தவங்க எப்படி இருந்தாங்க?"

சொல்ல வாயைத் திறந்த சின்னவள், திறந்தபடியே நின்றாள். அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும். மூக்குத்தண்டு எவ்வளவு அகலம், எந்தக் காது ஒரு நூல் இறங்கியிருக்கிறது, எந்தக் கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது, எல்லாம் மனதில் அச்சாகிவிடும். வருஷம் கழித்து வருகிற வாடிக்கையாளரைக்கூட, பழைய ஃபிரேமின் நிறத்தைச் சொல்லி அசத்துவாள். ஆனால் காலையில் வந்தவளின் முகத்தைத் தேடிப் போனால் நினைவு வழுக்கியது. அடையாளமாகப் பிடித்துக்கொள்ள ஒரு மச்சம்கூட இல்லை. துடைத்த கண்ணாடியைப் பார்த்த மாதிரி இருந்தது.

"சாதாரணமா... இருந்தாங்க," என்றாள்.

லேப்காரர் அப்பாவின் பிளாஸ்திரியை மெல்ல உரித்தார். கீழே ஊசி குத்திய புள்ளியே இல்லை. வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனியைப் போல, அந்த இடத்துத் தோல் மட்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இடது கையில் நரம்பு தேடினார், கிடைக்கவில்லை. வலது கையில் தட்டித் தட்டித் தேடினார். "பெரியவரே, ரத்தத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று சிரித்தபடி கேட்டவர், போகப்போகச் சிரிப்பை விட்டுவிட்டார். கடைசியில் புறங்கையில் குத்தி, ஒரு குழாயின் அடியை மட்டும் நனைக்கிற அளவு எடுத்துக்கொண்டார்.

அப்பா இரண்டு முறை "ஸ்ஸ்" என்றார். "காலையில வந்த பொண்ணு கை பூ மாதிரி. உங்களுக்கு இன்னும் பழகணும் தம்பி."

அக்கா போனில் அலட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டு இடத்துல புக் ஆயிருக்கும்டி. வேற லேப் ஆளு வந்திருப்பாங்க. எதுக்கெடுத்தாலும் உனக்கு வயித்துல புளி கரையும்." சின்னவள் கீழே போய் வாட்ச்மேனைக் கேட்டாள். "ராத்திரி கேட்டைப் பூட்டினா விடிஞ்சப்புறம்தாம்மா திறப்பேன். பால் போடறவரைத் தவிர ஒரு ஈ காக்கா உள்ள வரல." அவர் நடுவிலேயே கொட்டாவி விட்டார். முகம் சோகை பிடித்தாற்போலிருந்தது.

மறுநாள் விடியலில் தூக்கம் கலைந்தபோது, அப்பா யாருடனோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. சிரித்தார். அவர் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று, அரைத்தூக்கத்தில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகுதான் உறைத்தது. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

எழுந்து ஓடினாள். வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. அப்பா குளித்து, தலைசீவி, சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு ஸ்டூல். முழங்கை மடிப்பில் புதுப் பிளாஸ்திரி.

"யாருப்பா வந்தது?"

"அந்தப் பொண்ணுதான். இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்காம்."

"தெரியாதவங்களுக்கு எதுக்குக் கதவைத் திறக்கறீங்க? லேப்ல அப்படி ஆளே இல்லைங்கறாங்க!"

"தெரியாதவளா?" அப்பாவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "என்னைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதைவிட அவளுக்கு ஜாஸ்தி தெரியும்."

அதற்குப் பிறகு வந்த நாள்களில் அவள் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் சாவி வைத்த இடத்திலேயே இருக்கும். கதவு பூட்டியபடியே இருக்கும். அப்பாவின் கையில் மட்டும் பிளாஸ்திரி புதிதாக இருக்கும். தூங்காமல் கிடந்து பிடித்துவிடலாம் என்று பார்த்தால், இருட்டு சாம்பலாகிற அந்த ஒரு நேரத்தில் கண்ணில் மண்ணைப் போட்டு மூடினாற்போல் தூக்கம் வந்து அமுக்கியது. அமுங்கிக்கொண்டே போகையில் காதில் விழும்: அப்பாவின் குரல், அதில் ஏறிக்கொண்டே போகும் மலைப்பாதை, டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் நண்பன், ஒரு கல்யாணக் கோஷ்டி, அம்மாவை முதன்முதலாக ஜன்னலோர சீட்டில் பார்த்த நாள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஆழக் கிணற்றிலிருந்து வருவது போல அந்த ஒற்றைச் சொல்.

அப்பா காலை உணவைத் தள்ளிப் போட்டார். "வெறும் வயிறா இருக்கணும்." பிறகு ராத்திரிச் சாப்பாட்டையும் குறைத்தார். கன்னம் ஒட்டிப் போயிற்று. நகங்கள் மெழுகு நிறமாயின. அவரைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போகிறபோது, சட்டையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. ஆனால் கண்கள் மட்டும் பளபளத்தன. காதல் வயப்பட்ட பையனின் கண்கள்.

இன்னொன்றும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. இன்னதென்று பிடிபடவே சில நாள்கள் ஆயின. காலை நேரம் அமைதியாகிவிட்டிருந்தது. அவர்கள் பால்கனிக்கு நேரெதிரே, சின்ன முற்றத்தைத் தாண்டி, அடுத்த கட்டடம். அதன் கம்பி போட்ட பால்கனிகளிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக மிக்ஸி அலறும், குக்கர் கத்தும், பள்ளிக்கூடம் போக மறுக்கும் குழந்தைகள் அடி வாங்கும். இப்போது ஒரு பாத்திரம் உருளவில்லை. எந்த வீட்டிலிருந்தும் எண்ணெய் காய்கிற வாசனை வரவில்லை. அந்தக் கட்டடம் மொத்தமும் வாயைக் கட்டிக்கொண்டு எதற்கோ காத்திருப்பது போலிருந்தது.

லேப்காரர் போன் செய்தார். "மேடம், பெரியவருக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. இந்த அளவுல நடமாடவே முடியாது. எங்கேயாவது அடிபட்டு ரத்தம் போச்சா?"

"இல்ல," என்றவள், "போயிட்டிருக்கு," என்றாள். அவருக்குப் புரியவில்லை. உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று ராத்திரி அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

விடியற்காலையில் அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். குழாயடியில் வாளி நிறைந்துகொண்டிருந்தது. அப்பா இன்னும் எழவில்லை, எழ முடியவில்லை. கதவு பூட்டியிருந்தது, சாவி அவள் இடுப்பில். பின்னாலிருந்து அந்த வாடை வந்தது. குளிர் செத்த வாடை.

"நீங்க இன்னும் சாப்பிடலையே," என்றது குரல்.

கத்தியிருக்க வேண்டும். கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருக்க வேண்டும். வினோதம் என்னவென்றால், அவளுக்குப் பயமே வரவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் இருட்டாக ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் நாற்காலி ஒன்று பின்னால் இழுத்துப் போடப்பட்டிருந்தது.

"உக்காருங்க. நின்னு நின்னு கால் மரத்துப் போயிருக்கும். உங்களைத்தான் யாரும் எதுவும் கேக்கறதே இல்லையே."

உட்கார்ந்தாள்.

புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்தபோது, அப்பா "டெப்போவுக்கு வந்து சேர்ந்தியா?" என்று தமாஷ் பண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அக்கா ஒரு புது மெத்தை வாங்கி அனுப்பினாள். ஏன் வந்தாய், அங்கே என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று பயந்தார்களோ என்னவோ. இப்போது அவள் சொல்லத் தொடங்கினாள். அந்த வீட்டின் மாடி அறையை, உள்ளே தாழ்ப்பாள் இல்லாத அதன் கதவை, கன்னத்தில் முதல் அறை விழுந்த பிறகு காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்த ரீங்காரத்தை. வார்த்தைகள் முடிச்சவிழ்ந்து கொட்டின.

"அப்புறம்?"

சொன்னாள். சொல்லச் சொல்ல உடம்பு லேசாயிற்று. தலையில் சுமந்த மூட்டையை யாரோ ஒவ்வொரு துணியாக எடுத்து இறக்கி வைக்கிற மாதிரி. கண்கள் செருகின. இவ்வளவு சுகமாக இருக்குமென்று தெரிந்திருந்தால்...

"அப்புறம்?"

காலில் ஈரம் பட்டது. வாளி நிரம்பி, தரையெல்லாம் வழிந்து, தண்ணீர் மேஜையடி வரை வந்திருந்தது. விழித்தாள். ஜன்னல் முழுக்க வெயில். உட்கார்ந்தபோது இருட்டாக இருந்ததே! எதிரே நாற்காலி காலி. அவள் வலது கை மேஜைமேல், உள்ளங்கை மேலே பார்க்க, நீட்டிக் கிடந்தது. சட்டைக் கை தோள் வரை ஒழுங்காக மடித்துவிடப்பட்டிருந்தது. மடித்தது அவளேதான், ஓரத்தை உள்பக்கமாகச் சொருகுவது அவள் பழக்கம். முழங்கை மடிப்பில் வெள்ளையாக, ஊறிச் சுருங்கி, ஒரு வட்டம்.

எழுந்து நின்றாள். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளை நடுங்க வைத்தது அந்த வட்டம் அல்ல. கதையில் பாதிதான் சொல்லியிருந்தாள். மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு தவித்தது. நாளைக்கு விடியட்டும் என்று மனதின் ஒரு மூலை ஆசையோடு எண்ணத் தொடங்கிவிட்டது. அதுதான்.

டாக்டருக்குப் போன் போட்டாள். இன்று படுக்கை காலியில்லை, நாளைக் காலையில் ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன், சேர்த்து ரத்தம் ஏற்றிவிடலாம் என்றார். அக்காவுக்குப் போட்டாள். இந்தமுறை அக்கா கிண்டல் செய்யவில்லை. சின்னவளின் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். "நான் கிளம்பி வர்றேன். அதுவரைக்கும் அவரைத் தனியா விடாதே. நீயும் தனியா இருக்காதேடி," என்றாள்.

சாயங்காலம் அவள் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். காகிதம் மாதிரி இருந்தது.

"அவ அப்படி என்னதான்பா கேக்கறா உங்ககிட்ட?"

"ஒண்ணும் கேக்க மாட்டா. அப்புறம்னு மட்டும் கேப்பா."

"நான் கேக்கறேன்பா. எனக்குச் சொல்லுங்க. மலைப்பாதை. பிரேக் பிடிக்கல. அப்புறம்?"

அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். கோபமில்லை, ஒரு பரிவுதான் இருந்தது. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமேம்மா," என்றார்.

போர்வையை அவர் மார்பு வரை இழுத்துவிட்டாள்.

"இனிமே சொல்லவும் கொஞ்சம்தான் பாக்கி," என்று அப்பா கண்களை மூடிக்கொண்டார். "நாளைக்கு முடிஞ்சுடும்னு சொல்லியிருக்கா."

அன்று அவள் தூக்கத்தோடு மல்லுக்கட்டவில்லை. வேறொன்று யோசித்து வைத்திருந்தாள். முதல் நாள் காபி குடித்துவிட்டேன் என்றதும் தன்னைத் தொடாமல்தானே அது போனது? வயிறு நிறைந்தவர்களிடம் அதற்கு வேலையில்லை. அலாரம் வைத்து, இருட்டோடு எழுந்து, வீட்டு விளக்குகளையெல்லாம் போட்டாள். முதலில் தான் சாப்பிட்டாள். ரொட்டியை மெல்லாமல்கூட விழுங்கினாள். பிறகு பாலில் ரொட்டியை ஊறவைத்து எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஒரு வாய்ப்பா."

தலையை ஆட்டினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, மூக்கைப் பொத்தி, வாய் திறந்ததும் ஊட்டினாள். பெற்ற அப்பனை இப்படிச் செய்கிறோமே என்று அழுதுகொண்டே ஊட்டினாள். கிண்ணம் காலியாகும்வரை விடவில்லை. அவர் கண்களிலிருந்தும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"கெடுத்துட்டியே," என்றார். "கடைசியில கொண்டுவந்து கெடுத்துட்டியே."

கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அவர் சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஜன்னலில் இருட்டு சாம்பலாயிற்று. வாடை வரவில்லை. குரல் இல்லை. சாம்பல் இன்னும் வெளுத்தது. மாடிப்படி விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் சத்தம்கூடக் கேட்கிற அமைதி. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். நினைத்த அந்தக் கணத்தில், மூச்சை இழுத்து விடுகிற நேரம்தான், இமை சரிந்தது.

குளிர்காற்று முகத்தில் பட்டது.

விழித்தாள். கையில் வெறும் சட்டை. கட்டில் காலி.

கட்டிலடியில், புளித்த வாடையோடு, ஊறிய ரொட்டி குவியலாகக் கிடந்தது. நடுவில் அவர் விரல் பட்ட கோடுகள். தொண்டைக்குள் விரலை விட்டு, கடைசித் துணுக்கு வரை வெளியே கொண்டுவந்திருக்கிறார்.

"அப்பா!"

கூடத்தில் இல்லை. வாசற்கதவு பூட்டியிருந்தது. பால்கனிக் கதவு திறந்திருந்தது.

எழுந்து நடக்கவே முடியாத மனிதர் நின்றுகொண்டிருந்தார். வெற்று மார்போடு. கம்பிகளில் கன்னத்தை அழுத்திக்கொண்டு. இடது கை தோள் வரை கம்பிக்கு வெளியே. மூன்றாவது மாடி. கீழே முற்றம். வெளியே நிற்க ஒரு விளிம்புகூடக் கிடையாது.

அந்தக் கையில் ரப்பர் பட்டை கட்டியிருந்தது. பட்டையின் நுனி விறைப்பாக இழுபட்டிருந்தது. வெளியே. வெற்று வெளியில். இழுப்பவர் யாருமில்லை. அவர் மணிக்கட்டில் தோல் ஐந்து இடங்களில் குழிந்திருந்தது.

அப்பா பேசிக்கொண்டிருந்தார். வேகமாக, மூச்சுவிடாமல், சிரித்தபடி. வண்டி கடைசி வளைவில் இருந்தது.

இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். அவர் திரும்பவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. மறுபடி இழுத்தாள். பட்டை அறுந்தது. இருவரும் சேர்ந்து பின்னால் விழுந்தார்கள். அவர் அவள் மேல் விழுந்தார், கனமே இல்லை. வெறும் துணி விழுந்த மாதிரி. மார்பு ஏறி இறங்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல். அசைந்துகொண்டே இருந்தன.

"யாராவது வாங்களேன்!" அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எதிர்க் கட்டடத்தைப் பார்த்து அலறினாள். "யாராவது..."

குரல் நின்றுவிட்டது.

அப்போதுதான் முதல் வெளிச்சம் எதிர்ப்பக்கம் விழத் தொடங்கியிருந்தது. மேல்மாடி. அதற்குக் கீழே. அதற்கும் கீழே. எல்லாப் பால்கனிக் கம்பிகளிலிருந்தும் கைகள் வெளியே நீண்டிருந்தன. ஆண் கைகள், பெண் கைகள். வளையல் நழுவி முழங்கையில் தங்கிய கைகள். உள்ளங்கை மேலே பார்க்க, வெளுத்து, அசையாமல், வரிசை வரிசையாக. ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் கம்பியில் அழுந்திய ஒரு முகம். ஒவ்வொரு முகத்திலும் அசையும் உதடுகள். கட்டடம் முழுவதும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது.

முதல் மாடியில் ஒரு குழந்தைக்கு மட்டும் கை எட்டவில்லை. அதன் அம்மா அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பிரித்து, கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள்.